ஏற்காட்டுல ஓடுச்சு, சேலத்துல திணறுச்சு: சின்ன லேப்டாப் சிப்புகளோட என் அனுபவம்

"மாமா, கிளாஸ் ஆரம்பிச்சு இருபது நிமிஷம் நல்லா இருக்குது, அப்புறம் மிஸ் பேசுறது விட்டு விட்டு கேக்குது"ன்னு அக்கா பொண்ணு சொன்னப்போ நெட்டு தான் பிரச்சனைன்னு நெனைச்சேன். 2021 மார்ச் கடைசி. வீடு சேலம் அம்மாபேட்டையில, மேல ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், மத்தியானம் பன்னெண்டு மணிக்கு உள்ள உக்காந்தா மண்டை காயும். ரௌட்டர் மாத்துனேன், வேற சிம் போட்டு போன்ல ஹாட்ஸ்பாட் குடுத்துப் பாத்தேன், ஒன்னும் நடக்கல. அடுத்த வாரம் ஏற்காட்டுல எங்க தாய்மாமா வீட்டுல ஒரு விசேஷம், எல்லாரும் போனோம், மறுநாள் டெஸ்ட் இருக்குன்னு பாப்பா லேப்டாப்பையும் தூக்கிட்டு வந்துச்சு. நாகலூர் பக்கம் டவர் ரெண்டு கோடு தான் காட்டும், அந்த ரெண்டு கோட்டுலயே ஒன்றரை மணி நேரம் கிளாஸ் ஒரு தடங்கலும் இல்லாம ஓடுச்சு. அப்போ தான் உறைச்சுது, நெட்டு இல்ல, சூடு.

நான் ஐஞ்சு ரோடு பக்கம் ஒரு சந்துல லேப்டாப் சர்வீஸ் கடை வெச்சிருக்கேன், 2009ல இருந்து. அதனால இதை உடனே கண்டுபுடிச்சிருக்கணும், ஆனா அந்த லேப்டாப்புக்குள்ள பேனே கெடையாது, சிப்பு 6 வாட் தான், அது எங்க சூடாகப் போவுதுன்னு விட்டுட்டேன். கீழ வந்ததும் கடையில வெச்சு கிளாக் ஸ்பீடு காட்டுற சாப்ட்வேர் ஓட விட்டுப் பாத்தேன். ஆரம்பத்துல ரெண்டு கிகாஹெர்ட்ஸுக்கு மேல ஓடுது, கால் மணி நேரம் போனதும் இறங்கி இறங்கி ஒரு கிகாஹெர்ட்ஸ்க்கும் கீழ வந்து உக்காந்துக்குது. சூடு ஏறுனா சிப்பு தன்னக் காப்பாத்திக்க வேகத்தக் குறைச்சுக்கும். பேன் இல்லாத டப்பாவுல சூடு வெளிய போக ஒரே வழி அடி மூடி தான், அறையே 38 டிகிரி இருந்தா அந்த மூடி எங்க ஆறும். ஏற்காடு கிட்டத்தட்ட 1500 மீட்டர் உயரம், வெயில் காலத்துலயும் வீட்டுக்குள்ள சில்லுன்னு இருக்கும், அங்க அதே மூடி ஆறிக்கிட்டே இருந்திருக்கு. அதே லேப்டாப், அதே கிளாஸ், நடுவுல இருபது கொண்டை ஊசி வளைவு தான் வித்தியாசம்.

கழட்டிப் பாத்தேன். சிப்பு மேல ஒரு மெல்லிசு தகடு, அந்தத் தகடுக்கும் அடி மூடிக்கும் நடுவுல ரெண்டு மில்லிமீட்டர் காத்து. அந்த சந்துல சரியான தடிமனுக்கு சூட்டக் கடத்துற தெர்மல் பேட் வெட்டி வெச்சு மூடியோட ஒட்டுற மாதிரி பண்ணேன், கீழ ரெண்டு எவர்சில்வர் டம்ளரைக் கவுத்துப் போட்டு அது மேல லேப்டாப்ப வெச்சு பக்கத்துல ஒரு சின்ன யுஎஸ்பி பேன். மூடி கொஞ்சம் சூடா இருக்கும், மடியில வெச்சுக்காதன்னு சொல்லிட்டேன். கிளாஸ் ஓடுச்சு. இந்த வேலைக்கு ஆன செலவு எரநூறு ரூபா கூட இல்ல. உங்க வீட்டுலயும் பேன் இல்லாத சின்ன லேப்டாப் மத்தியானம் மட்டும் திணறுச்சுன்னா நெட்டுக்காரனத் திட்டுறதுக்கு முன்னாடி ராத்திரி பத்து மணிக்கு அதே வேலைய செஞ்சு பாருங்க, அப்போ நல்லா ஓடுச்சுன்னா விஷயம் சூடு தான்.

ஆனா என் மனசுல நின்னது வேற. அந்த லேப்டாப்ப வாங்கிக் குடுத்தவனே நான் தான். ரெண்டே கோர் (சிப்புக்குள்ள கணக்குப் போடுற பகுதி), 4 ஜிபி ராம் போர்டோட சால்டர் பண்ணது, பைல் வெக்க எஸ்எஸ்டிக்குப் பதிலா போர்டுலயே ஒட்டுன 64 ஜிபி இஎம்எம்சி. அதே கடையில ஒரு மூலையில 2009ல நான் வாங்குன 10 இன்ச் நெட்புக் இருக்கு, விலை கம்மி குட்டி லேப்டாப்ப அப்போ அப்படித் தான் சொல்வாங்க, அதைத் தொடச்சு ஆன் பண்ணா இன்னும் ஓடுது. பதினோரு வருஷ இடைவெளி, விலையில பெரிய வித்தியாசம் இல்ல, ஆனா புதுசுல அந்த அளவுக்கு பெரிய முன்னேத்தம் தெரியலையேன்னு யோசிச்சேன். யோசிச்சு யோசிச்சு எனக்குப் பட்டது இது தான்: சின்ன சிப்பு எப்போ நல்லா வருதுன்னா, போட்டிக்கு இன்னொரு கம்பெனிக்காரன் வாசல்ல வந்து நிக்கும்போது தான் வருது. யாரும் இல்லாத வருஷத்துல வாங்குனா நம்ம தலையில மிச்சம் மீதிய கட்டிடுவாங்க.

2007 கடைசியில ஆசுஸ் ஈ பிசி 701 வந்துச்சே ஞாபகம் இருக்கா, 7 இன்ச் ஸ்கிரீன், 4 ஜிபி எஸ்எஸ்டி, லினக்ஸ். அதுல இருந்தது இன்டெல்லோட செலரான் எம், 900 மெகாஹெர்ட்ஸ் சிப்ப 630க்கு குறைச்சு ஓட்டுனாங்க. நெட்புக்குக்குன்னே தனியா ஒரு சிப்பு இன்டெல்கிட்ட கெடையாது அப்போ. 2008ல இன்டெல் ஆட்டம்னு (Atom) ஒரு குட்டிச் சிப்பு வரிசை கொண்டு வந்துச்சு, அதுல என்270, 1.6 கிகாஹெர்ட்ஸ், 2.5 வாட். அதே வருஷம் தைவான் கம்பெனி வியாவும் களத்துல இருந்துச்சு, எச்பி 2133 மினி நோட்டுல அவங்க சி7-எம் சிப்பு, அப்புறம் நானோன்னு ஒன்னு. நானோ உள்ளமைப்புல ஆட்டத்த விட புத்திசாலி. ஏன்னு சொல்றேன், இது புரிஞ்சா பாதி விஷயம் புரிஞ்ச மாதிரி.

ரேஷன் கடை வரிசைய நெனைச்சுக்கங்க. முன்னால நிக்கிற பாட்டிக்கு கைரேகை விழல. பழைய ஆட்டம் எப்படின்னா, பாட்டிக்கு ரேகை விழுற வரைக்கும் பின்னால இருக்கிற அத்தன பேரும் நிக்கணும், வந்த வரிசையில தான் வேலை. நானோ மாதிரி சிப்பு, பாட்டிய கொஞ்சம் ஓரமா உக்கார வெச்சிட்டு அடுத்தவங்களுக்கு அரிசி போட்டு அனுப்பிடும். வேலை சீக்கிரம் முடியும், ஆனா யாரு நிக்கிறாங்க, யாரு போனாங்கன்னு கணக்கு வெச்சுக்க ஒரு ஆள் வேணும்ல, அந்த ஆளுக்கு கரண்ட் செலவு. ஆட்டம் அந்த ஆளையே வேலைக்கு வெக்காம கரண்ட மிச்சம் புடிச்சுது. அதுக்குப் பதிலா ஒரே கோர்ல ரெண்டு வரிசை ஓட்டுச்சு, ஹைப்பர் திரெட்டிங்னு சொல்வாங்க, ஒரு வரிசை நின்னா இன்னொன்னு நகரும்.

கடை ஆரம்பிச்ச புதுசுல வாங்க வர்றவங்க எல்லாரும் கேட்ட முதல் கேள்வி "எத்தன வாட்டுங்க". நானும் 2.5 வாட்டுன்னு பெருமையா சொல்லிட்டு இருந்தேன். ஒரு நாள் நெட்புக் ஒன்ன கழட்டி பேன் சுத்தம் பண்றப்போ தான் கவனிச்சேன், ஹீட் சிங்க் ப்ராசசர் மேல மட்டும் இல்ல, பக்கத்துல இருக்கிற சிப்செட் (ப்ராசசர மத்த பாகங்களோட இணைக்கிற சிப்பு) மேலயும் படுத்திருக்கு. ஸ்பெக் ஷீட்ட எடுத்துப் பாத்தா 945ஜிஎஸ்இ சிப்செட் 6 வாட், அதோட துணை சிப்பு 3.3 வாட், எல்லாம் கூட்டுனா 11.8 வாட். ப்ராசசர் தான் இருக்கிறதுலயே கம்மி. எவ்வளவு நாள் அர்த்தம் இல்லாம அந்த 2.5ஐ சொல்லிட்டு இருந்திருக்கேன். இன்டெல் இத சரி பண்ணது 2010 ஆரம்பத்துல வந்த என்450ல, மெமரி கன்ட்ரோலரையும் கிராபிக்ஸையும் ப்ராசசருக்குள்ளயே கொண்டு வந்தாங்க. ப்ராசசர் வாட் 5.5ஆ ஏறுச்சு, ஆனா துணை சிப்போட சேத்து 7 தான், அதாவது பேப்பர்ல ஏறுச்சு, நெசத்துல இறங்குச்சு.

இது ஏன் முக்கியம்னா 2011ல இன்டெல்லோட போட்டிக் கம்பெனி ஏஎம்டி சின்ன சிப்போட வந்தப்போ எங்க ஊரு ஆளுங்க நெறைய பேரு இதுல தான் ஏமாந்தாங்க. ஏஎம்டியோட இ-350, ரெண்டு கோர், 1.6 கிகாஹெர்ட்ஸ், 18 வாட். இன்னொன்னு சி-50, 9 வாட். "அண்ணா அது பதினெட்டு வாட்டாம், இது அஞ்சரை தானாம்"னு ஒரு காலேஜ் தம்பி என்கிட்ட வாதாடுனான். அந்த பதினெட்டுக்குள்ள ஒரு உருப்படியான ரேடியான் கிராபிக்ஸும் அடக்கம், ரேஷன் கடை ஓரமா உக்கார வெக்கிற ஆளும் அடக்கம். ஆட்டம் நெட்புக்ல எச்டி வீடியோ போட்டா படம் படமா நகரும், இ-350ல தண்ணி மாதிரி ஓடும். வாட் நம்பர எடுத்துக்கிட்டு ரெண்டு கம்பெனி சிப்ப எடை போடாதீங்க, எது எது அந்த நம்பருக்குள்ள அடங்கிருக்குன்னு பாருங்க. அதுக்கும் மேல ஒரு வழி இருக்கு, சுவத்துல சொருகுற பிளக் மீட்டர் வாங்கி லேப்டாப் மொத்தமா எவ்வளவு இழுக்குதுன்னு நீங்களே பாத்துடுங்க. பேட்டரி முழுசா ஏறுன பிறகு பாக்கணும், இல்லன்னா சார்ஜ் ஆகுற கரண்டும் சேந்து காட்டும். என் கடையில இந்த மீட்டர் தான் எனக்கு வாத்தியார்.

மீட்டர் வாங்க வெச்சது 2012 கரண்ட் கட். சென்னைக்காரங்களுக்கு அது அவ்வளவு தெரியாது, சேலத்துல அந்த வருஷம் கடைசியில எங்க தெருவுல ஒரு நாளைக்கு பத்து பன்னெண்டு மணி நேரம் கரண்ட் இருக்காது, ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும். தறி ஓட்டுறவங்க, கொலுசுப் பட்டறைக்காரங்க எல்லாம் பட்ட பாடு பக்கத்துல இருந்து பாத்தவன் நான். எங்க கடையில 150 ஏஎச் பேட்டரி இன்வெர்ட்டர், கணக்குப்படி 1800 வாட் அவர், ஆனா ஒரு மணி நேரம் கரண்ட் வந்தா அது எங்க நிரம்பும். டெஸ்க்டாப்பும் மானிட்டரும் சேந்து 120 வாட் கிட்ட இழுத்துச்சு, நெட்புக் 12, 13. பில்லு போடுறது, மெயில் பாக்குறது, விண்டோஸ் போடுறதுக்கு பென்டிரைவ் ரெடி பண்றது எல்லாத்தையும் நெட்புக்குக்கு மாத்துனேன், டெஸ்க்டாப்ப கரண்ட் இருக்கும்போது மட்டும் போட்டேன். அந்த ஒரு வருஷம் கடைய மூடாம ஓட்டுனதுக்கு அந்தச் சின்ன சிப்புக்கு நான் கடமைப்பட்டிருக்கேன், இத மனசார சொல்றேன்.

மலை மேல கத வேற. மாமாவுக்கு மூணு ஏக்கர் காப்பி, நடுவுல சில்வர் ஓக் மரத்துல மிளகுக்கொடி. நவம்பர்ல இருந்து பழம் பறிப்பு, ஆளுக்கு எத்தன கிலோன்னு சாயங்காலம் எடை போட்டு எழுதணும். மழைக் காத்துல மரம் விழுந்து லைன் அறுந்தா ரெண்டு நாளைக்கு கரண்ட் வராது. அவருக்கு இன்னொரு பழைய நெட்புக்க எடை போடுற கொட்டகையில வெச்சுக் குடுத்தேன், தராசுல இருந்து நேரா ஒயர். மொதல்ல சின்ன இன்வெர்ட்டர்ல தான் ஓட்டுனோம், பேட்டரி சீக்கிரம் இறங்குச்சு. ஏன்னு பாத்தா 12 வோல்ட்ட 230 ஆக்கி, அத திரும்ப சார்ஜர்ல 19 வோல்ட்டா இறக்குறோம், ரெண்டு எடத்துலயும் சேதாரம், இன்வெர்ட்டர் சும்மா இருந்தாலே கொஞ்சம் குடிக்கும். அதனால 12ஐ நேரா 19 ஆக்குற ஸ்டெப் அப் போர்டு ஒன்னு போட்டேன். பேட்டரி முனையிலேயே ஒரு பியூஸ் கட்டாயம் போடுங்க, போர்டு வாங்குறப்போ தேவைப்படுற ஆம்பியர் போல ரெண்டு மடங்கு தாங்குறதா வாங்குங்க, லேப்டாப்ப சொருகுறதுக்கு முன்னாடி மல்டிமீட்டர்ல வோல்ட்டேஜையும், ப்ளஸ் மைனஸையும் ரெண்டு தடவ பாருங்க. 7 ஏஎச் யுபிஎஸ் பேட்டரி ஒன்னு கணக்குக்கு 84 வாட் அவர், 12 வாட்டுக்கு ஏழு மணி நேரம் வரணும், ஆனா லெட் ஆசிட் பேட்டரிய பாதிக்கு மேல காலி பண்ணா ஒரே சீசன்ல செத்துரும், அதனால மூணு மணி நேரம்னு தான் மாமாகிட்ட சொன்னேன். சாயங்கால எடைக்கு அது போதும்.

இன்டெல், ஏஎம்டி, வியா இவங்க போட்டி அப்படியே போயிருந்தா இன்னைக்கு எங்கயோ இருந்திருப்போம். ஆனா 2010ல ஐபேட் வந்துச்சு, எல்லார் கண்ணும் டேப்லெட் பக்கம் போச்சு. அதுக்கு முன்னாடியே மைக்ரோசாப்ட் நெட்புக்குக்கு காலக் கட்டிப் போட்டாச்சு, விலை கம்மி விண்டோஸ் எக்ஸ்பி வேணும்னா 1 ஜிபி ராமுக்கு மேல வெக்கக் கூடாது, ஸ்கிரீன் பெருசா இருக்கக் கூடாதுன்னு. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர்ல வால்பேப்பர் கூட மாத்த முடியாது. சின்னது நல்லா இருந்தா பெருசு விக்காதுன்னு ஒரு பயம் தான் இதுக்குக் காரணம்னு நான் நம்புறேன். இன்டெல் 2013ல பே டிரெயில்னு புது ஆட்டம் சிப்பு கொண்டு வந்தப்போ ஆட்டத்துக்கும் அந்த ஓரமா உக்கார வெக்கிற புத்தி வந்துச்சு, நல்ல மாற்றம் தான், ஆனா அப்போ அவங்க கவனம் போன்லயும் டேப்லெட்லயும் ஏஆர்எம்ங்கிற வேற வகை சிப்புகளோட மோதுறதுல இருந்துச்சு, 2014ல மட்டும் அந்தப் பிரிவுல 400 கோடி டாலருக்கு மேல நஷ்டம். ஏஎம்டி அந்தக் காலத்துல சொந்தக் கஷ்டத்துலயே மூழ்கிக் கெடந்துச்சு. வியாவுக்கு சிப்பு வடிவமைச்ச டெக்சாஸ் சென்டார் டீம் ஆளுங்கள 2021ல இன்டெல்லே 12.5 கோடி டாலர் குடுத்து எடுத்துக்கிச்சு. அந்தச் செய்திய படிச்சப்போ எனக்கு நெசமாவே வருத்தமா இருந்துச்சு, வியா நெட்புக் சேலத்துல என் கைக்கு வந்தது ஒன்னே ஒன்னு தான், ஆனாலும்.

திரும்ப வாசல்ல ஆள் வந்து நின்னது 2020 நவம்பர்ல, ஆப்பிள் எம்1. பேனே இல்லாத மேக்புக் ஏர் அத்தன வேகமா ஓடுனதப் பாத்து எல்லா கம்பெனிக்கும் தூக்கம் போச்சு. 2022 செப்டம்பர்ல ஏஎம்டி மென்டசினோன்னு விலை கம்மி லேப்டாப்புக்கு ஒரு வரிசை விட்டுச்சு, ரைசன் 3 7320யு அதுல ஒன்னு, நாலு கோர், எட்டு திரெட், 15 வாட். 2023 ஜனவரியில இன்டெல் என்100, நாலு கோர், 3.4 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும், அதே 6 வாட் தான். என் மீட்டர்ல என்100 லேப்டாப் ஒன்னு சும்மா இருக்கும்போது அஞ்சாறு வாட் காட்டுது, ஸ்கிரீனோட சேத்து! பழைய நெட்புக் இழுத்ததுல பாதி, வேலையோ எத்தனையோ மடங்கு.

வாங்கப் போறீங்கன்னா சில விஷயம் சொல்றேன். ஏஎம்டியோட 7000 வரிசையில மூணாவது நம்பரப் பாருங்க, 7320ல அந்த 2 தான் ஜென் 2ங்கிற கோர் டிசைன்னு அர்த்தம், ஜென் 2 டிசைன் 2019லயே வந்தது. முதல்ல இருக்கிற 7ஐப் பாத்து புதுசுன்னு நெனைச்சுக்காதீங்க. அதுக்காக அது மோசம்னு சொல்ல வரல, படிப்புக்கும் ஆபீஸ் வேலைக்கும் தாராளம், விலைய மட்டும் அதுக்குத் தகுந்த மாதிரி பேசுங்க. அதுல ராம் போர்டோட சால்டர் பண்ணி தான் வரும், அதனால வாங்கும்போதே 8 ஜிபி எடுத்துடணும், பின்னாடி என்கிட்ட வந்து கேட்டா நான் ஒன்னும் பண்ண முடியாது. என்100ல மெமரி ஒரே சேனல் தான், ராம் ஸ்லாட் இருந்துச்சுன்னா ஒரே ராம் ஸ்டிக்கா பெருசா போட்டுடுங்க. இஎம்எம்சியா எஸ்எஸ்டியான்னு கடைக்காரர எழுதிக் குடுக்கச் சொல்லுங்க, இஎம்எம்சி போச்சுன்னா போர்டு வேலை, எஸ்எஸ்டி போச்சுன்னா பத்து நிமிஷ வேலை. வீடியோ நெறைய பாக்குற பசங்களுக்கு ஏவி1ங்கிற வீடியோ வகைய விரிக்கிற டீகோடிங் சிப்புலயே தனியா இருக்கான்னு பாருங்க, என்100ல இருக்கு, இல்லன்னா அந்த வேலையும் கோர் தலையில விழுந்து சேலம் வெயில்ல அது வதங்கிப் போகும்.

ஸ்னாப்டிராகன் எக்ஸ் லேப்டாப் பத்தி இப்ப நெறைய பேரு கேக்குறாங்க. 2024 ஜூன்ல இருந்து வருது, இதுவும் ஏஆர்எம் வகை சிப்பு தான், குவால்காம் கம்பெனி 2021ல 140 கோடி டாலருக்கு வாங்குன நுவியா டீம் செஞ்ச கோர். பேட்டரி நல்லா நிக்குது, எனக்கே ஆசை தான். அதே வருஷம் செப்டம்பர்ல இன்டெல் லூனார் லேக்னு ஒன்னு விட்டு, மெமரியையே ப்ராசசர் பேக்கேஜ் மேல வெச்சு, கோர் இருக்கிற முக்கியமான பகுதிய தன் பேக்டரியில செய்யாம தைவான் டிஎஸ்எம்சி கம்பெனிகிட்ட குடுத்து செய்ய வெச்சாங்கன்னா அந்தப் போட்டி எவ்வளவு கடுமைன்னு பாத்துக்கங்க. ஆனா ஏஆர்எம் விண்டோஸ்ல பழைய சாப்ட்வேர் எமுலேஷன்ல (நடுவுல மொழிபெயர்த்து) ஓடும், டிரைவர் ஓடாது. கைரேகை மெஷின், தராசு ஒயர், பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் இதெல்லாம் வெச்சு பொழப்பு நடத்துறவங்க அந்தந்தப் பொருளுக்கு ஏஆர்எம் டிரைவர் இருக்கான்னு உறுதி பண்ணிட்டு தான் காசு எடுக்கணும்.

பாப்பா இப்ப காலேஜ். போன வருஷம் என்100 போட்ட லேப்டாப் ஒன்னு வாங்கிக் குடுத்தேன், இந்தத் தடவ பேன் இருக்கிறதா பாத்து, 8 ஜிபி, எஸ்எஸ்டி. டைப் சி சார்ஜிங் இருக்கிறதால மலைக்குப் போனா 12 வோல்ட் பேட்டரியில லேப்டாப்புக்கு வேண்டிய வோல்ட்டேஜ் குடுக்குற கார் பிடி (PD) சார்ஜர சொருகி நேரா ஓட்டிக்கிது, ஸ்டெப் அப் போர்டு தொல்லை இல்ல. ஏப்ரல் மத்தியானம் ஷீட் வீட்டுல வெச்சு ஒரு மணி நேரம் வீடியோ கால் போட்டு நானே பக்கத்துல உக்காந்து கிளாக் பாத்தேன், இறங்கல. டிசம்பர் பறிப்புக்கு மேல போனப்போ கொட்டகைக்கும் புதுசு ஒன்னு வெக்கலாம் மாமான்னு கேட்டேன். "பழசே இருக்கட்டும் கண்ணு, தராசு சாப்ட்வேரு அதுல தானே ஓடுது, புதுசுக்கு ஒத்துக்கலன்னா பறிப்பு நேரத்துல நான் எங்க போறது"ன்னாரு. கொட்டகையில வெச்சு பதினோரு வருஷமாச்சு, கீபோர்டுல ரெண்டு பட்டன் தேஞ்சு எழுத்தே தெரியல. பேன மட்டும் கழட்டி காப்பித் தூசியும் நூலாம்படையும் தொடச்சு, புது தெர்மல் பேஸ்ட் வெச்சு, ஹார்ட் டிஸ்க்குல இருந்ததையெல்லாம் ஒரு பென்டிரைவ்ல காப்பி எடுத்து மாமி பீரோவுல வெச்சிட்டு வந்தேன்.